பூட்டும் திறவுகோலும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரல்வேண்டும் என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டனர். கல்லூரியின் பழம்பெருமை பேசுங் கட்டுரைகள் எம்மினும் வல்லாரிடமிருந்து வந்து சேரும் என்பதை யாம் அறிவோம். ஆதலின், மாணாக்கர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகிய முத்திறத்தாரையும் இன்று ஒருங்கே வருத்துகின்ற சிறு பொருளொன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். அப்பொருள் கைத்தொலைபேசி. அதன் நன்மை தீமைகளைப் பற்றிப் பேச்சுப்போட்டி மேடைகளிலே வேண்டியமட்டும் பேசியாயிற்று. யாம் எடுத்துக்கொண்டது அதனுள் ஒரு சிறு கூறு மாத்திரமே. தன் பாவனையைத் தானே குறைக்க விரும்பி, தொலைபேசியில் ஒரு நேரவரம்பையும் வைத்துக்கொண்ட ஒருவன், அவ்வரம்பைத் தானே தாண்டிச் செல்லாதபடி அதனை உறுதிப்படுத்துவது எங்ஙனம் என்பதே எம் வினா.

இவ்வினாவை எம்மிடங் கொணர்ந்தவன் ஒரு மாணவன். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை தோற்றவிருந்தவன். முதன்முறை பௌதிகவியலிலே சறுக்கியவன். ஒருநாள் மாலை எம் வீட்டுக்கு வந்து, தொலைபேசியை மேசைமீது வைத்து, "சேர், நானே பூட்டுறன், பிறகு நானே திறக்கிறன். என்ன செய்யிறது?" என்று கேட்டான். அவன் சோம்பேறியல்லன். விடியற்காலை நான்கு மணிக்கு மணியோசை வைத்து எழுபவன். அந்த மணியோசை வருவது தொலைபேசியிலிருந்து. அதனை நிறுத்துவதற்கு அதைக் கையில் எடுக்கவேண்டும். எடுத்தால் ஐந்தரை மணிக்கே கீழே வைப்பான். அத்தொலைபேசி தானே தொகுத்து வைத்திருந்த வாராந்தக் கணக்கையும் எமக்குக் காட்டினான். நாளொன்றுக்கு 5 மணித்தியாலத்துக்கு மேல். இரண்டாம் முறைக்குப் பின் மூன்றாம் முறையும் உண்டு என்பது உண்மையே. ஆயின் அவன் தந்தையார் கடன்பட்டு அனுப்பிய ரியூசன் காசு அத்தனை முறைக்குப் போதாது.

"அதனை எடுத்தெறிந்துவிடு" என்று கூறுதல் எளிது. ஆனால் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாட்டின் பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டபொழுது, பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலுமே நடந்தன. கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைக்கு அயல்வீட்டுத் தொலைபேசியை இரந்து பெற்றுக்கொடுத்தவர்களும் நாமே. அன்று உள்ளே வந்தது பின் வெளியே போகவில்லை. இன்றும் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் அதன் வழியே வருகின்றன. படிப்பும் படிப்பைக் கெடுப்பதும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பூட்டவேண்டியுள்ளது.

பூட்டு இல்லாமலில்லை. 2018 ஆம் ஆண்டிலே அப்பிள், கூகிள் ஆகிய இரு நிறுவனங்களும் இதற்கென ஏற்பாடுகளைத் தத்தம் தொலைபேசிகளில் அமைத்தன. அப்பிள் வைத்த பெயர் ஸ்கிரீன் ரைம். கூகிள் வைத்த பெயர் டிஜிற்றல் வெல்பீயிங். இன்ன செயலியை நாளொன்றுக்கு இத்துணை நிமிடமே பார்ப்பேன் என ஒருவன் குறித்து வைக்கலாம். நேரம் முடிந்ததும் ஐபோனில் ஒரு மணற்கடிகாரப் படத்துடன் திரை மூடிக்கொள்ளும். அன்ட்ரொயிட் தொலைபேசியில் அச்செயலியின் சின்னம் நிறமிழந்து, நள்ளிரவுவரை திறக்க மறுக்கும்.

இவ்வளவும் நன்று. ஆனால் ஐபோனின் அம்மூடிய திரையின் கீழே, வரம்பைப் பொருட்படுத்தாதே என்றொரு வரி உண்டு. அதனைத் தொட்டால் மூன்று வாயில்கள் திறக்கும்: இன்னும் ஒரு நிமிடம் என்பது ஒன்று, பதினைந்து நிமிடத்தில் நினைவூட்டு என்பது ஒன்று, இன்றைக்கு முழுவதும் விட்டுவிடு என்பது மற்றொன்று. அன்ட்ரொயிட்டில் இத்தகைய வரி இல்லையாயினும், அமைப்புப் பக்கத்துக்குச் சென்று அவ்வரம்பை அழித்துவிட இரண்டு மூன்று தொடுகைகளே போதும். வேலி கட்டியவர் படலையைத் திறந்துவைத்துவிட்டே போயிருக்கின்றார். அவரைக் குறைகூறிப் பயனில்லை; கடை நடத்துபவர் தம் கடைக்கதவைத் தாமே இறுகச் சாத்துவார் என எதிர்பார்த்தல் எம் பேதைமையேயாகும்.

மாணவனுக்குப் புத்தி சொல்லுமுன் யாமே இதனைச் செய்து பார்த்தல் முறையெனக் கருதினோம். மறைப்பானேன், எம்முடைய கணக்கும் அவனுடையதற்கு அதிகம் பின்தங்கியிருக்கவில்லை. செய்திச் செயலிகளுக்கும் யூரியூப்புக்கும் சேர்த்து 30 நிமிடம் என வரம்பு வைத்தோம். முதல் இரண்டு நாட்களும் மணற்கடிகாரத்தைக் கண்டதும் நாணித் தொலைபேசியைக் கீழே வைத்தோம். ஒரு வாரத்தின் பின்னர், அத்திரை வருமுன்னரே எம் பெருவிரல் அவ்வரி இருக்குமிடத்திற் போய்க் காத்திருந்தது. பின்பு நான்கு இலக்கக் கடவுஎண் ஒன்றை வைத்தோம். அப்பொழுதும் பூட்டு விழவில்லை. வரம்பு முடிவிலே தடுக்க என்றொரு சிறு ஆளி தனியாக உண்டு என்பதும், அதனை இயக்காவிடின் கடவுஎண் இருந்தும் இல்லாததே என்பதும் பின்னரே எமக்குத் தெரியவந்தன. பலர் தடுக்கி விழும் இடம் இஃதாதலின் ஈண்டு விரித்துக் கூறினோம். ஆளியையும் இயக்கினோம். எண்ணோ எம்முடையது, மூன்றாம் நாள் விரல்கள் அதனைச் சிந்தியாமலே அழுத்தின.

ஆகவே எண்ணை மாற்றும் பொறுப்பை எம் மனைவியாரிடம் ஒப்படைத்தோம். இதன் பின்னரே உண்மையான மாற்றம் தென்பட்டது. "இஞ்சேருங்கோ, இப்பதானே பதினைஞ்சு நிமிஷம் தந்தனான்?" என்ற ஒரு வினாவுக்கு விடை கூறுவதிலும் தொலைபேசியை மூடிவைத்தல் எளிதாயிருந்தது. ஆனால் இரண்டாம் மாதம் அவர் சகோதரி வீட்டுக்குக் கண்டி சென்றிருந்தார். அவசரமாக ஒரு செய்தி பார்க்கவேண்டுமெனக் கூறி, எண்ணைத் தொலைபேசியிலேயே கேட்டோம், அவரும் சொல்லிவிட்டார். அன்றிரவு யாம் பார்த்தது அச்செய்தி ஒன்றை மாத்திரமன்று. திறவுகோல் மறுபடியும் எம் கைக்கு வந்துவிட்டது. இப்பொழுது முதல் இரு இலக்கங்கள் மனைவியாரிடமும் கடைசி இரு இலக்கங்கள் மகளிடமும் உள்ளன. இருவரும் ஒரே வேளையில் இரங்குவது அரிது.

இங்ஙனம் யாம் தட்டுத்தடுமாறிக் கண்டதை அறிஞர் முன்னரே ஆராய்ந்துள்ளனர். 2005 ஆம் ஆண்டிற் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றோருள் ஒருவராகிய தொமஸ் ஷெலிங் என்பார், மனிதன் தன்னைத் தானே ஆளுதல் பற்றிப் பல கட்டுரைகள் எழுதினார். இரவிலே நாளை வைகறையில் எழுவேன் எனத் துணிகின்றவனும், வைகறையில் இன்னுஞ் சிறிது உறங்குவேன் என்கின்றவனும் ஒருவனேயாயினும், அவர்தம் விருப்பங்கள் வேறு. முன்னவன் பின்னவனை நம்புவதில்லை. ஆகையால் மணிக்கூட்டைக் கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் வைக்கின்றான். நேரவரம்பும் இத்தகையதே. அமைதியான வேளையிலே துணிந்தவன், ஆசை மிக்க வேளையிலே வரப்போகின்றவனுக்கு விடுக்கும் கட்டளை அது. அக்கட்டளையை நீக்கும் அதிகாரத்தையும் பின்னவனிடமே கொடுத்துவிட்டால் அது வெறும் வேண்டுகோளாகிவிடுகிறது.

கிரேக்கக் காவியமாகிய ஒடிசியிலே இதற்கொரு கதை உண்டென்பதைப் பழைய மாணவருட் பலர் அறிவர். கேட்டாரை மயக்கிக் கொல்லும் பாடலையுடைய சைரன்களின் தீவைக் கடக்கும்பொழுது, ஒடிசியஸ் தன் மாலுமிகளின் காதுகளை மெழுகால் அடைத்து, தன்னைப் பாய்மரத்தோடு கட்டுவித்தான். யான் அவிழ்க்கச் சொன்னால் இன்னும் இறுகக் கட்டுங்கள் என்று முன்னரே ஆணையும் இட்டான். பாடலைக் கேட்டதும் அவிழ்க்கச் சொன்னான். அவர்கள் இறுகக் கட்டினர். பலரும் கயிற்றையே நினைவிற் கொள்கின்றனர். எமக்கு மெழுகே பெரிதாய்த் தோன்றுகின்றது. முடிச்சு எவர் கையில் இருந்ததோ அவர் பாடலைக் கேட்கவில்லை. எம் மாணவன் முதலில் தன் கடவுஎண்ணைத் தன் வகுப்புத் தோழனிடம் கொடுத்தான். தோழனும் தன்னுடையதை இவனிடம் கொடுத்தான். ஒரு கிழமைக்குள் இருவரும் எண்களைத் திருப்பிப் பரிமாறிக்கொண்டனர். இருவர் காதிலும் ஒரே பாட்டு ஒலித்துக்கொண்டிருந்ததன்றோ!

ஆள் இல்லாமலே காலத்தைத் திறவுகோலாக்கியவரும் உளர். 1873 ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டு றொச்செஸ்ரர் நகரத்து ஜேம்ஸ் சார்ஜன்ற் என்பவர் வங்கிக் காப்பறைகளுக்கு நேரப்பூட்டு ஒன்றைச் செய்தார். கள்வர் இரவிலே வங்கி அதிகாரியின் வீடு புகுந்து அவரைத் துன்புறுத்தி எண்களைப் பெற்றுக்கொள்ளும் காலம் அது. நேரப்பூட்டு இட்ட கதவு, குறித்த மணி வருமுன் சரியான எண்ணுக்கும் திறவாது. அதிகாரியாலேயே திறக்க முடியாதென்பது தெரிந்தபின் அவரைத் துன்புறுத்துவதிற் பயனொன்றுமில்லை. இப்பூட்டு அதிகாரியின் அதிகாரத்தைக் குறைத்ததாகத் தோன்றினும், உண்மையில் அவருக்குப் பாதுகாவலாயிற்று. இரவு பதினொரு மணிக்கு எம்மை எழுப்பும் கள்வன் எம்முள்ளேயே இருக்கின்றான் என்பதொன்றே வேறுபாடு.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள், நமக்குப் புதியன என்று எவரும் எண்ணவேண்டா. சீட்டுக் கட்டுகின்ற எம் தாய்மார் இதனை ஏட்டிற் படித்துச் செய்யவில்லை. கையிலுள்ள காசு கையிலிருந்தால் செலவாகும் என்பதறிந்தே மாதந்தோறும் பிறரிடம் கொண்டுபோய்க் கொடுத்தனர். இடையிலே நிறுத்துவோமெனில் ஊரார் முகத்தில் விழிக்கவேண்டும் என்ற நாணமே அதன் பூட்டு. மண் உண்டியலும் அப்படியே. உடைத்தாலன்றிக் காசு வராது, உடைத்தாற் சத்தம் கேட்கும். பிலிப்பைன்ஸ் நாட்டு மின்டனாவோத் தீவிலே ஒரு கிராமிய வங்கியில் நடந்த ஆய்வு 2006 ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. தாமே குறித்த நாளோ தொகையோ வரும்வரை மீளப்பெற முடியாத சேமிப்புக் கணக்கொன்றை வாடிக்கையாளருக்குக் காட்டினர். அதற்கென மேலதிக வட்டி ஏதுமில்லை. அங்ஙனமிருந்தும் ஏறத்தாழ 28 வீதமானோர் அதனை விரும்பி ஏற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் வாங்கிச் சென்ற பூட்டிட்ட உண்டியற் பெட்டிக்கு ஒரேயொரு திறவுகோல். அது வங்கியில் இருந்தது.

தொலைபேசியைப் பற்றியே நடந்த ஆராய்ச்சிகளுள் இரண்டினைக் குறிப்பிடல் தகும். அமெரிக்கப் பொருளியலாளராகிய ஓல்கொற், ஜென்ற்ஸ்கோ, சோங் ஆகிய மூவர் ஏறக்குறைய 2,000 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022 ஆம் ஆண்டிலே அச்சேறிற்று. அவர்கள் அமைத்த செயலியில், வரம்பை மாற்றினால் அம்மாற்றம் மறுநாளே நடைமுறைக்கு வரும். மேலும் சிறிது நேரம் வேண்டுமெனில் சிலர் சில நிமிடங்களும் சிலர் 20 நிமிடமும் காத்திருக்கவேண்டும். சிலருக்கு அதுவும் இல்லை. எவரும் எவரையும் வரம்பு வைக்குமாறு வற்புறுத்தவில்லை. அவ்வசதியை அவர்கள் கையிற் கொடுத்தார்கள், அவ்வளவே. அதனாலேயே நாளொன்றுக்குச் சராசரி 22 நிமிடம், அதாவது 16 வீதம், பாவனை குறைந்தது. இன்னோர் ஆய்வு 2023 இல் வெளிவந்தது. அங்கு பூட்டே இல்லை. செயலியைத் திறக்க முயன்றதும் மூச்சொன்று இழுத்து விடும் அளவுக்குத் தாமதம். பின்பு, திறக்கத்தான் வேண்டுமா என்ற வினா. பங்குபற்றிய 280 பேரும் அவ்வேளைகளில் 36 வீதமானவற்றிலே வேண்டாமென மூடிவிட்டனர். ஆறு வாரத்தில், திறக்க முயல்வதே மூன்றிலொரு பங்குக்கு மேலாகக் குறைந்தது.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்பொழுது எமக்குத் தோன்றுவது ஒன்று. ஆசை வெள்ளம் போல வருவதாயினும், அது நெடுநேரம் நிற்பதில்லை. ஆகவே திறவுகோலை என்றென்றைக்கும் கடலில் எறிதல் வேண்டுவதன்று. ஆசையின் ஆயுளிலும் சிறிது நீண்டதாக வழியை ஆக்கிவிட்டாற் போதும். இன்று நீக்கிய வரம்பு நாளைக்கே நீங்கும் என்ற ஏற்பாடு இதனாலேயே சிறந்தது. ஸ்கிரீன் ரைமிலும் டிஜிற்றல் வெல்பீயிங்கிலும் வரம்பை மாற்றினால் அந்த நொடியே மாறிவிடுகின்றது. ஆதலின் அத்தூரத்தை நாமே உண்டாக்கவேண்டியிருக்கின்றது.

ஐபோன் வைத்திருப்போர் கடவுஎண்ணைப் பிறரைக் கொண்டு இடுவித்தல் முதற்படி. அவ்வெண்ணை இடும்பொழுது, மறந்தால் மீட்பதற்கென ஓர் அப்பிள் கணக்கைக் கேட்கும். அங்கே தன் சொந்தக் கணக்கைக் கொடுத்தவன், முன்கதவைப் பூட்டிப் பின்கதவுத் திறவுகோலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவனாவான். செயலியை மாத்திரம் அடைத்து, அதே தளத்தை உலாவியில் திறந்து பார்ப்பாரும் பலர்; தளத்தின் முகவரியையும் வரம்பினுட் சேர்த்தல் வேண்டும். செயலிகளை அழித்தலையும் புதிதாய் நிறுவுதலையும் தடுக்கும் ஆளிகளும் அதே பகுதியிற் கட்டுப்பாடுகள் என்னுந் தலைப்பின் கீழ் உள. முற்காலத்திலே கடிகாரத்தை மாற்றி வரம்பைத் தாண்டிய சிறுவரின் கூர்மையை எண்ணி யாம் வியந்ததுண்டு. அக்கூர்மை பௌதிகவியலிற் சென்றிருப்பின் எத்துணை நன்று!

அன்ட்ரொயிட் வைத்திருப்போர் நிலை சிறிது கடினம். பிள்ளைகளுக்கெனப் பெற்றோர் தொலைபேசியிலிருந்து நடத்தும் பமிலி லிங் என்னும் ஏற்பாடு 2017 முதல் உண்டு. வளர்ந்தவன் தனக்குத் தானே வைக்கும் வரம்புக்கோ பல தொலைபேசிகளிற் கடவுஎண் காவல் இல்லை. அமைப்புப் பக்கத்தையே அடைத்துவைக்கும் வேறு நிறுவனங்களின் செயலிகளை நாடவேண்டும். அவை கேட்கும் அனுமதிகளை வாசித்துப் பார்த்தே கொடுத்தல் வேண்டும். திரையிலுள்ளதையெல்லாம் காணும் உரிமையை அறியாதவனுக்குக் கொடுத்துவிட்டுத் தன்னடக்கம் பெற்றோம் என மகிழ்தல் அறிவுடைமையாகாது.

இவையனைத்தையும் செய்தபின்னும், கனடாவிலிருந்து மாமா முன்னொருகால் அனுப்பிய, கண்ணாடி வெடித்த பழைய தொலைபேசி ஒன்று பல வீடுகளின் அலுமாரிக்குள் கிடக்கின்றது. அதனையும் கணக்கிற் கொள்க.

பூட்டு மிகக் கடுமையானாலும் தீங்கு உண்டு என்பதை எம் மாணவனிடமே கண்டோம். யாம் தந்த உற்சாகத்தில் அவன் வட்ஸ்அப் முதலாக எல்லாவற்றையும் இரவு பகலாக அடைத்துவிட்டான். மூன்றாம் நாள் ஆசிரியர் ஒருவர் வகுப்பு நேரத்தை மாற்றி வட்ஸ்அப்பில் அறிவித்தார். இவன் பூட்டிய நிலையத்தின் வாசலில் தனியே நின்றான். அன்றிரவே நியாயமான காரணத்துக்காகப் பூட்டை உடைத்தான். நியாயத்துக்காக ஒருமுறை உடைத்த பூட்டு, மறுநாள் நியாயமில்லாமலே உடைந்தது. ஆகவே மீண்டும் தொடங்கியபொழுது, அழைப்புகளையும் வட்ஸ்அப்பையும் எப்பொழுதும் அனுமதிக்கப்பட்டவை என்ற பட்டியலிற் சேர்த்தோம். அடைக்கவேண்டியவை இரண்டே எனத் தெரிந்தது: யூரியூப்பும் ரிக்ரொக்கும். இயற்பியல் விரிவுரைகளும் யூரியூப்பிலே உள்ளனவே என்றான். அவற்றை மாலை ஆறு மணிக்குத் தந்தையாரின் தொலைபேசியில், விறாந்தையில் இருந்து பார்க்கும்படி கூறினோம். விறாந்தையில் இருந்து எவரும் நெடுநேரம் வேண்டாததைப் பார்ப்பதில்லை. மணியோசைக்கு ஐந்நூறு ரூபா அளவிலான சாதாரண மேசைக்கடிகாரம் ஒன்று தேடி, யாழ்ப்பாணக் கடைத்தெருவில் அதிலும் கூடிய விலைக்கே வாங்கினான்.

கடவுஎண்ணை யாமே இட்டோம். அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, எண்ணை எம் பழைய வகுப்பு இடாப்பு ஒன்றின் பின்னட்டையிற் குறித்துக்கொண்டோம். திறக்கவேண்டுமெனில் துவிச்சக்கரவண்டியில் மூன்று மைல் வந்து கேட்கவேண்டும். கேட்ட அன்று தரோம், மறுநாளே தருவோம் என்பது உடன்படிக்கை. முதல் மாதத்தில் இரண்டு முறை வந்தான். ஒருமுறை மழையில் நனைந்துகொண்டு வந்து, தேநீர் அருந்தி, எண்ணைக் கேட்காமலே போனான். மறுமுறை கேட்டான், மறுநாள் வரச் சொன்னோம், வரவில்லை. அவனது வாராந்தக் கணக்கு 5 மணித்தியாலத்திலிருந்து 2 மணித்தியாலத்துக்குச் சிறிது மேலாக வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பரீட்சை முடிந்து ஆறு வாரமாகின்றது. பெறுபேறு இன்னும் வரவில்லை. நான்கு இலக்கங்களும் இடாப்பின் பின்னட்டையிலேயே கிடக்கின்றன. கேட்பதற்கு அவன் வரவில்லை. மறந்துவிட்டானோ, அன்றி அலுமாரிக்குள் மாமாவின் பழைய தொலைபேசியைக் கண்டெடுத்தானோ, யாம் அறியோம்.